கண்ணாடி முன்னால் நிற்பவர் யார்?

மதுரையிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை திருமங்கலத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ராஜபாளையம், செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டிக் கொல்லத்துக்குப் போகிறது. மற்றொன்று விருதுநகர், திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகிறது. சாமிதோப்புக்குப் போகிற மக்களுக்கு இந்த இரண்டாவது சாலைதான் வழி. மாசி 20 அய்யாவின் அவதார நாள் நெருங்கும்போது, தலைப்பாகையும் காவிக்கொடியும் எடுத்து வைத்துக்கொண்டு வண்டி ஏறுகிறவர்கள் மதுரைச் சீமையிலும் உண்டு.

திருமங்கலம் வியாபாரம் தெரிந்த ஊர். சுற்றிலும் கரிசல் காடு. குண்டாறு வற்றிக் கிடக்கும் மாதத்திலும் கடைவீதி வற்றாது. இந்த ஊராருக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு கணக்கில் கெட்டிக்காரரும் தவறிவிடுகிறார். என் கடை, என் வீடு, என் பிள்ளை, என் ஜனம் என்று வரவுப் பக்கத்தில் எழுதிக்கொண்டே போகிறார். எழுதுகிற கை யார் தந்தது என்று அவருக்குக் கேட்கத் தோன்றுவதில்லை. பெரியவர்கள் இதை அறியாமை என்றார்கள். அய்யாவழியில் இதற்குக் கலி என்று பெயர்.

கலியன் கொம்பும் கோரைப்பல்லுமாக எங்கோ நிற்கிறான் என்று எண்ணிவிடக் கூடாது. ஆதியில் குறோணியை நாராயணர் ஆறு துண்டாக வெட்டினார். அந்தத் துண்டங்கள் யுகந்தோறும் பிறவி எடுத்து வந்த வரலாறு திருஏடு கேட்டவர்கள் அறிந்ததே. திரேதா யுகத்தில் அது இராவணனாக வந்தது. துவாபரத்தில் ஊசி முனை நிலமும் தரமாட்டேன் என்ற துரியோதனனாக வந்தது. அவர்களுக்கு நகரும் படையும் இருந்தன. எதிரே நின்று போர் செய்ய முடிந்தது. கலியுகத்தில் வந்த துண்டமோ மனத்துக்குள்ளே குடியேறிவிட்டது. அதை எந்த ஆயுதத்தால் வெட்டுவது? அதனால்தான் இந்த யுகத்தில் நாராயணர் வில்லோ சக்கரமோ எடுக்காமல் பண்டாரமாக வந்து தவத்தில் அமர்ந்தார்.

அந்தத் தவத்துக்கு முன்பே பற்று அறுந்த இடம் ஒன்று உண்டு. அது திருச்செந்தூர்க் கடற்கரை.

கொல்லம் ஆண்டு 1008, மாசி மாதம். ஆங்கிலக் கணக்கில் 1833. நோயுற்றுக் கிடந்த மகனைத் தூக்கிக்கொண்டு தாய் வெயிலாள் அம்மை உறவினரோடு திருச்செந்தூர்த் திருவிழாவுக்குப் புறப்பட்டார். வந்த மகன் கடலுக்குள் இறங்கினார், காணவில்லை. அலை வந்து வந்து போகிறது. மகன் மட்டும் திரும்பவில்லை. பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும்! உடன் வந்தவர்கள் தேற்றினால் தேறுகிற துயரமா அது?

மூன்றாம் நாள் கடலிலிருந்து அவர் எழுந்து வந்தார். நோயின் சுவடே இல்லை. தாய், "மகனே" என்று ஓடி வந்தார். அப்போது அய்யா சொன்னதை உலகில் எந்தத் தாயும் கேட்க விரும்பமாட்டார். இதுவரை உமக்கு மகன், இனி நாராயணருக்கு மகன் என்ற பொருளில் சொன்னார். வாசிப்பில் இந்த இடம் வரும்போது கண் கலங்காத பெண்கள் குறைவு. இது கல்நெஞ்சு அல்லவா என்று மனத்துக்குள் கேட்பவர்களும் உண்டு. கேட்பது குற்றமில்லை.

நன்றாக எண்ணிப் பார்த்தால் அய்யா தாயைத் தள்ளவில்லை என்பது விளங்கும். "என் மகன்" என்பதில் உள்ள "என்" என்ற ஒன்றைத்தான் தள்ளினார். அந்தச் சொல் இருக்கிற வரை அவர் ஒரு வீட்டுக்கு மகன். அது விலகிய பிறகு அழுகிற வீடு அத்தனைக்கும் அவர் அய்யா. தாய் கொடுத்தது பெரிது. அதைச் சிறிதாக்கிப் பேசக் கூடாது. பற்றை விடுவது வலிக்காது என்று சொல்கிறவர் பற்று வைத்தே அறியாதவராக இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு சாமிதோப்பில் ஆறு ஆண்டுத் தவம். குழிக்குள் இரண்டு ஆண்டு, தரைமட்டத்தில் இரண்டு ஆண்டு, உயர்ந்த பீடத்தில் இரண்டு ஆண்டு. அவற்றில் ஒன்றை, சாதிகளாகப் பிரிந்து கிடக்கும் மக்களுக்காகவே அய்யா இருந்தார்.

பற்றை விடுவதென்றால் கடையைப் பூட்டிவிட்டு, பெண்டு பிள்ளைகளை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போவதா என்று கேட்பவர்களுக்கு வாகைப்பதி பதில் சொல்லும். அய்யா துவையல் தவசுக்கு அனுப்பியது தனி ஆட்களை அல்ல, 700 குடும்பங்களை. புருஷன், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்தே கடற்கரையில் தங்கினார்கள். நாளும் துணி துவைத்துக் குளித்தார்கள். பச்சரிசியும் சிறுபயறும் கடல்நீரில் வெந்தன. உச்சிக்கு ஒரு வேளை உணவு. குடும்பத்தை விட்டுவிடு என்று அய்யா சொல்லவில்லை, குடும்பத்தோடு துவைத்துக்கொள் என்றார். அழுக்கு துணியில் மட்டும் இல்லை என்பது அங்கே துவைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

வீடு, பணம், பிள்ளை ஆகியவற்றின் பற்றையாவது பற்று என்று மனிதன் ஒப்புக்கொள்கிறான். "என் ஜனம்" என்ற பற்றை மட்டும் அவன் பற்று என்றே எண்ணுவதில்லை. கடமை என்கிறான், பெருமை என்கிறான்.

திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாள் அய்யாவைச் சிறையிட்ட வரலாற்றை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். சுசீந்திரத்தில் வைத்தார்கள், பிறகு திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் வைத்தார்கள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு விடுவிக்க வந்தார்கள். உன் சாதியாரோடு மட்டும் இருந்துகொள், மற்றவர்களைச் சேர்க்காதே என்பதே அது. எவ்வளவு எளிய நிபந்தனை! ஒரு கையெழுத்தில் வீடு திரும்பலாம். தன் ஜனத்துக்கும் நல்லதுதானே என்று தேற்றிக்கொள்ளவும் இடம் இருந்தது. அய்யா இசையவில்லை. நிபந்தனை ஏதுமின்றியே 1839-இல் வெளியே வந்தார். மாசி 19-இல் திருவனந்தபுரத்திலிருந்து புறப்படுகிற ஊர்வலம் அந்த வருகையின் நினைவாகத்தான் நடக்கிறது.

திருமங்கலம், விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை ஊர்களில் மகமை என்றால் தெரியாதவர் இல்லை. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுவுக்கு எடுத்து வைப்பது. அந்தப் பணத்தில் விருதுநகரில் 1889-இல் பள்ளிக்கூடமே எழுந்தது. "எனது" என்ற முடிச்சை வியாபாரியின் கை தானே அவிழ்த்த நல்ல பழக்கம் அது. ஆனால் அவிழ்த்த கை, நம்மவருக்கு மட்டும் என்று இன்னொரு முடிச்சுப் போட்டுவிடுவதும் உண்டு. அந்த இரண்டாவது முடிச்சைத்தான் அய்யா சிங்காரத்தோப்பில் ஏற்க மறுத்தார். சாமிதோப்பு முத்திரிக்கிணற்றில் முன்னால் குளித்தவர் யார், பின்னால் குளிப்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

பதிக்கும் தாங்கலுக்கும் போகிறவர்கள் பள்ளியறையில் சிலையைக் காண்பதில்லை. நிற்பது கண்ணாடி, அதன் முன்னே இரண்டு விளக்கு. திருமங்கலத்தில் ஒருவர் இரவு கடை அடைத்துவிட்டு, தலைப்பாகை கட்டி, நெற்றியில் நாமம் சாற்றி அதன் முன்னே நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைப் பங்கில் தம்பியோடு வழக்கு. பேச்சு நின்று மூன்று வருடம். தனக்கு நியாயம் கேட்டுத்தான் வந்திருக்கிறார்.

விளக்கொளியில் தன் முகம் தெரிகிறது. நெற்றியில் சுடர் போல வெள்ளை நாமம். உற்றுப் பார்க்கிறார். அந்த மூக்கு, அந்தத் தாடை, அவருக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. கண்ணாடிக்குள்ளிருந்து தம்பியும் பார்க்கிறான். இன்னும் சற்று நின்றால், பகலில் கல்லாவுக்கு எதிரே கைநீட்டி நின்றவனும், மூட்டை தூக்கிக் கூலி குறைந்ததென்று முனகிப் போனவனும் அதே வெளிச்சத்தில் வந்து நிற்பார்கள்.

கேட்க வந்ததை அவர் கேட்கவில்லை. பணிவிடைக்காரர் கொடுத்த இனிமத்தை வாங்கினார். பாதியைத் தனியாக மடித்து வைத்துக்கொண்டு, தம்பி வீடு இருக்கும் தெருப் பக்கம் திரும்பினார்.

அய்யா உண்டு.