முந்தானையில் முடிந்த மூக்குத்தி

நாற்பது வருஷமாகக் கழற்றாத மூக்குத்தி. ஆஞ்சியோ எடுக்க வரும்போது உடம்பில் நகை எதுவும் இருக்கக் கூடாது என்று மதுரையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தேவாரத்து வீட்டுத் திண்ணையில் அம்மாவை உட்காரவைத்து, தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். திருகு அசையவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு அத்தை வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி எடுத்தாள். கல் இருந்த இடத்தில் மிளகளவுக்கு ஒரு வெளுத்த வட்டம். இத்தனை வருஷமும் வெயில் படாத தோல்.

தாலிச் செயினை அம்மா யாரையும் தொட விடவில்லை. மஞ்சள் கிழங்கு கட்டின கயிற்றை அப்பா கழுத்தில் முடிந்த பிறகுதான் செயினைக் கழற்றிக் கொடுத்தாள். அப்பா மூன்று முடிச்சும் நிதானமாகப் போட்டார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மூக்குத்தியை என் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அந்த வெளுத்த வட்டத்தைப் பார்த்த நிமிஷத்தில்தான் மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்த கவலை தொண்டைக்கு வந்தது. படி ஏறினால் அம்மாவுக்கு மூச்சு வாங்கியதை வாய்வு என்று நினைத்து, பூண்டும் பெருங்காயமும் கொடுத்துக்கொண்டிருந்தோம். பிறகு ஈசிஜி, எக்கோ, நடக்கவைத்துப் பார்க்கும் சோதனை. ‘இரத்தக் குழாயை நேராகப் பார்த்துவிடுவோம்’ என்றார் டாக்டர். பார்க்கிற சோதனைதான், அறுவை சிகிச்சை இல்லை என்று புத்திக்குத் தெரிகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்து, அம்மாவின் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிற மனசுக்கு அது தெரிவதில்லை.

‘சாமியை நம்புறவளுக்கு எதுக்கு இம்புட்டுக் கவலை?’ என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். ஆறுதலுக்குத்தான் கேட்டார். ஆனால் எனக்கு உறுத்தியது. கவலைப்படுவதே நம்பிக்கைக்குச் செய்யும் துரோகமா? அப்படியானால் என் பக்தி இவ்வளவுதானா? அம்மாவுக்காகப் பட்ட பயத்தோடு இந்தக் குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமந்தேன்.

தேவாரம் என்ற எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குப் பதிகங்கள்தான் ஞாபகம் வரும். அந்தப் பதிகங்களில் அப்பர் பெருமான் பாடியவை தொடங்கியது ஒரு நோயில். சூலை வயிற்றைப் பிசைய, திருவதிகையில் இருந்த தமக்கையைத் தேடி இரவோடு இரவாக வந்தார். சமணத்துக்குப் போய்விட்ட தம்பி மீள வேண்டும் என்று அதுவரை இறைவனிடம் முறையிட்டபடி இருந்தவர் திலகவதியார். அவரைப் பெரியபுராணம் காட்டும்போது கையில் விளக்குமாறும் சாணமும் இருக்கின்றன. விடியுமுன் கோயிலைப் பெருக்கி மெழுகுகிற வேலையைக் கவலைப்பட்ட காலத்திலும் அவர் விடவில்லை. கவலையை உதறிவிட்டு அவர் வேலைக்குப் போனதாக எனக்குத் தோன்றவில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் போயிருப்பார்.

நானும் ஒரு வேலை செய்தேன். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதினேன். சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டுமா, எந்த மாத்திரையை, எத்தனை நாள்? இரத்தத்தை இளக்கும் மாத்திரையை என்ன செய்வது? சோதனைக்குச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்கிறார்களே, கிரியாட்டினின் அளவு சரியாக இருக்கிறதா? முன்பு ஒரு மருந்துக்கு அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடித்ததே, அதைச் சொல்ல வேண்டாமா? எத்தனை மணியிலிருந்து சாப்பிடக் கூடாது? எழுதி முடித்தபோது மனசு கொஞ்சம் இறங்கியிருந்தது. அந்தத் தாளைப் பூஜை மாடத்தில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதுவும் வேண்டுதல்தான் என்று பட்டது.

போடியிலிருந்து சாயங்கால ரயில். 2010இல் நின்றுபோய், அகலப்பாதையாகி, 2023 ஜூனில் திரும்ப வந்த ரயில். அம்மா ஜன்னலோரம். வெளிச்சம் இருக்கும்வரை மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். முப்பது வருஷம் அவள் வேலை செய்தது அந்த மலைக்கு அந்தப் பக்கம். விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டோ கம்பம்மெட்டோ கடந்து, ஏலத் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு இருட்டித் திரும்புகிற பெண்களில் அவள் ஒருத்தி. எங்கள் ஆச்சி காலத்தில் ஜீப்பும் கிடையாது, சாக்குலூத்து மெட்டு வழியே நடைதான்.

ஏலச் செடியில் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிக் கிடக்கும். ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் விளைந்த காயும் சேர்ந்தே இருக்கும். குத்தவைத்து உட்கார்ந்து, தழையை விலக்கி, விளைந்ததை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும். பிஞ்சைத் தொட்டால் அடுத்த எடுப்புக்கு ஒன்றும் இருக்காது. சின்ன வயதில் லீவு நாளில் நானும் கூடப் போவேன். அவசரத்தில் பிஞ்சையும் சேர்த்து உருவிவிடுவேன். ‘இன்னைக்கு விளைஞ்சதை மட்டும் எடு தாயி. மத்ததுக்கு நாள் இருக்கு’ என்பாள். அன்று அது வேலைப் பாடம். ரயிலில் அவள் தோளில் சாய்ந்திருந்தபோது எனக்குள் கிடந்ததெல்லாம் பிஞ்சுதான் என்று தெரிந்தது. அடைப்பு இருக்குமோ, ஸ்டென்ட் வைப்பார்களோ, பைபாஸ் என்பார்களோ, அப்பா தனியாகிவிடுவாரோ. ஒன்றுகூட விளையவில்லை. அன்றைக்கு விளைந்திருந்தது ஒன்றே ஒன்று: அம்மாவுக்குப் பசித்தது. சம்படத்தைத் திறந்து இட்லியைக் கொடுத்தேன்.

மதுரையில் சித்தி வீட்டில் தங்கினோம். விடிகாலையில் தூக்கம் வராமல் எழுந்து மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரம் வரை நடந்தேன். பக்கத்தில்தான் சொக்கப்ப நாயக்கன் தெரு. 1896 ஜூலையில் ஒரு நாள், அந்தத் தெரு வீட்டு மாடி அறையில் வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையனை மரண பயம் பிடித்தது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல் நீட்டிப் படுத்து, சாவது எது, சாகாமல் நிற்பது எது என்று உள்ளே பார்த்தான். ஆறு வாரம் கழித்து வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போய் ரமணரானான். பயத்தை நேருக்கு நேர் பார்ப்பதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் இது.

அந்த வீட்டு வாசலில் நின்றபோது எனக்கு நினைவுக்கு வந்தது அதற்கு 18 வருஷம் பிந்தைய ரமணர். 1914இல் அவரைப் பார்க்க வந்த தாயார் அழகம்மாள் விரூபாட்ச குகையில் கடுங்காய்ச்சலில் விழுந்தார். தன் சாவைப் பார்த்து அசையாத மகன், துறவி, அம்மாவின் பக்கத்திலேயே இருந்து பணிவிடை செய்தார். அருணாசலத்தை நோக்கி, அம்மாவின் ஜுரத்தைத் தீர்க்கச் சொல்லி நான்கு வெண்பாக்கள் எழுதினார். எல்லாம் அவன் செயல் என்று தெளிந்தவர், அந்த அவனிடமே கேட்டார். அம்மா பிழைத்தார்.

எட்டு வருஷம் கழித்து, 1922 மே 19ஆம் தேதி, கந்தாசிரமத்தில் அதே அம்மா கடைசி மூச்சுக்குப் போராடினார். அப்போது குணமாக வேண்டும் என்று பாட்டு இல்லை. ஒரு கையை அம்மாவின் மார்பிலும் மறு கையைத் தலையிலும் வைத்து, எல்லாம் அடங்கும்வரை மணிக்கணக்காகக் கூடவே உட்கார்ந்திருந்தார்.

கேட்க வேண்டிய வேளை ஒன்று இருக்கிறது, கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டிய வேளை ஒன்று இருக்கிறது. இரண்டிலும் மகன் அம்மாவின் பக்கத்தில்தான் இருந்தார். எனக்கு வாய்த்திருப்பது 1914. கூசாமல் கேட்கலாம். அந்தத் தெருவில் நின்று, வெட்கம் விட்டு, அம்மாவை எனக்குத் திருப்பிக் கொடு என்று மீனாட்சியிடம் கேட்டேன். அழுகை வந்தது, அதை நிறுத்தவும் இல்லை.

ஆஸ்பத்திரியில், காலண்டர் தாளில் இருந்த எல்லாக் கேள்விக்கும் டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, தமனி வழியாக மெல்லிய குழாயை இருதயத்தின் வாசல்வரை கொண்டுபோய், சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும், விழித்துத்தான் இருப்பார் என்றார். ‘முதல்ல யாருக்கு இப்படிக் குழாய் விட்டாங்க?’ என்று அம்மா என்னிடம் கேட்டாள். 1929இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் தன் கைச் சிரை வழியே தானே குழாயை இருதயம்வரை செலுத்தி, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போய்ப் படம் எடுத்துக்கொண்டதைச் சொன்னேன். 1956இல் நோபல் பரிசு கிடைத்ததையும் சொன்னேன். ‘அவரு அம்மா எப்படித் துடிச்சுப்போயிருப்பா’ என்றாள்.

அவள் உள்ளே போனதும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். இருதயத்தைப் பற்றி முன்பு படித்த ஒன்றை அந்த நேரம் பிடித்துக்கொண்டேன். உடம்பு முழுவதற்கும் இரத்தம் அனுப்புகிற இருதயத்துக்கு, தன் சுவர்களுக்கான இரத்தம் பெரும்பாலும் சுருங்கும்போது கிடைப்பதில்லை. சுருங்கி முடித்துத் தளர்கிறதே, அடுத்த துடிப்புக்கு முந்தைய அரை நொடி, அப்போதுதான் அதற்கான குழாய்களில் இரத்தம் நன்றாக ஓடுகிறது. நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை இப்படி ஊருக்கு உழைத்து, நடுவில் தனக்கும் வாங்கிக்கொள்கிறது. அம்மா தோட்டத்தில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி குனிவாளே, அது ஞாபகம் வந்தது.

அதையே மூச்சோடு சேர்த்துக்கொண்டேன். மூச்சு உள்ளே, மூச்சு வெளியே, நடுவில் ஒரு சின்ன நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் ஒரு ‘தாயே’. கவலை போகவில்லை. அது என் பக்கத்தில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. எதிரே ஆண்டிபட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மனைவிக்காகக் காத்திருந்தார். கையில் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். அவருக்காகவும் ஒரு ‘தாயே’ சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பெஞ்சு கொஞ்சம் அகலமானதுபோல இருந்தது.

அம்மாவை வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு குழாயில் சுருக்கம், இப்போதைக்கு மாத்திரையில் பார்க்கலாம் என்றார் டாக்டர். வலது மணிக்கட்டில் இறுக்கிய பட்டை. முப்பது வருஷம் காய் கிள்ளின கை அசையாமல் தலையணை மேல் கிடந்தது. விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தன. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். இரண்டு தம்ளர் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

‘மூக்குத்தியைக் குடு தாயி. துளை தூந்துபோகும்.’

முந்தானை முடிச்சை அவிழ்க்க வரவில்லை. ராத்திரியிலிருந்து எத்தனை தடவை இறுக்கினேனோ, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. அம்மா ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி, எனக்குத் தோதாக மூக்கைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடினாள்.