தெரியாது என்று சொல்லும் உரிமை

தெரியாமல் செய்த தீங்குக்குப் பாவம் உண்டா? இந்தக் கேள்வியை இந்தியச் சமயங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக விவாதித்து வந்திருக்கின்றன. வினைக்கு வேர் எண்ணமே என்றனர் பௌத்தர். கொல்லும் எண்ணம் இல்லாதவனுக்குக் கொலைப்பாவம் இல்லை. சமணர் இதை ஏற்கவில்லை. பிண்ணாக்குக் கட்டி என்று நினைத்து ஒருவன் மனிதனையே குத்திவிட்டால், நினைப்பு வேறு என்பதற்காக அவனுக்குப் பாவமில்லை என்று ஆகிவிடுமா என்று சமண நூலான சூத்திரகிருதாங்கம் பௌத்தரைச் சாடுகிறது. பௌத்த மரபுக்குள்ளேயும் இந்தக் கேள்வி அடங்கிவிடவில்லை. அறிந்து செய்பவன், அறியாமல் செய்பவன் இருவரில் யாருக்குத் தீவினை அதிகம் என்று மிலிந்த மன்னன் கேட்க, அறியாதவனுக்கே என்கிறார் பௌத்தத் துறவி நாகசேனர். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டைத் தெரியாமல் பிடிப்பவனுக்குத்தான் கை அதிகம் வேகும் என்பது அவர் சொல்லும் காரணம். இந்த வழக்கை இன்று கடலோரத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. பாதரசமும் காரீயமும் கேட்மியமும் கரைந்த நீர் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். அதற்கு மணமும் இராது. இந்த உலோகங்களைக் காட்டிக்கொடுக்கும் ஒளிரும் நானோ துகள்களை வேதியியலாளர்கள் இப்போது உருவாக்கியிருக்கிறார்கள். அறியும் வழி கைக்கு எட்டிய பிறகு அறியாமல் இருப்பது ஒரு குறை மட்டும் அல்ல, அதுவும் ஒரு வினையே என்பதுதான் என் வாதம்.

இதற்கு முதல் சான்று ஜப்பானின் மினமாட்டா. அங்கே சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிஹைடு தயாரித்தது. அதற்கு வினையூக்கியாகப் பாதரசம் பயன்பட்டது. அதில் ஒரு பகுதி மெத்தில் பாதரசமாக மாறிக் கழிவுநீரோடு கடலுக்குப் போனது. சிப்பியும் மீனும் அதை உடலில் சேர்த்துக்கொண்டன. மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து துள்ளி விழுந்தன. பிறகு மனிதர்களுக்குக் கை நடுங்கியது, பேச்சுக் குழறியது, பார்வை சுருங்கியது. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956 மே 1 அன்று. கரிமப் பாதரசமே காரணம் என்று குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1959இல் அறிவித்தார்கள். அரசு அதை ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில்தான். வழக்கு நீதிமன்றம் போனபோது, இப்படியொரு பொருள் கழிவில் இருக்கும் என்று முன்கூட்டி அறிய வழியில்லை என்றது நிறுவனம். 1973 மார்ச்சில் குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் இதை நிராகரித்தது. வேதியியல் ஆலை நடத்துபவர் தம் காலத்தின் மிகச் சிறந்த அறிவையும் நுட்பத்தையும் கொண்டு, கழிவில் ஆபத்தான பொருள் உண்டா என்று ஆராயக் கடமைப்பட்டவர் என்பது தீர்ப்பின் சாரம். தெரிந்து செய்தாயா என்பதோடு நில்லாமல், தெரிந்துகொள்ள என்ன செய்தாய் என்றும் அந்த நீதிமன்றம் கேட்டது. பௌத்தரும் சமணரும் வாதிட்ட இடத்துக்கு இது ஒரு நல்ல விடை.

அந்த 'மிகச் சிறந்த நுட்பம்' இன்று எங்கே வந்து நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பத்து நானோமீட்டருக்கும் குறைவான கார்பன் புள்ளிகள் 2004இல் கார்பன் நானோகுழாய்களைத் தூய்மைப்படுத்தும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டவை. அவற்றில் பல, புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். அவை கலந்த கரைசலில் பாதரச அயனி சேர்ந்தால் அது துகளின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்கிறது. துகள் உள்வாங்கிய ஆற்றல் ஒளியாக வெளிவராமல் வேறு வழியில் தீர்ந்துபோகிறது. நீலம் மங்குகிறது; எவ்வளவு மங்கியது என்பதை வைத்து எவ்வளவு பாதரசம் என்று கணக்கிடலாம். மாட்டுக் குருதியின் அல்புமின் புரதம் பொதிந்த, இருபத்தைந்து அணு அளவிலான தங்கக் கொத்துகள் சிவப்பாக ஒளிர்ந்து, பாதரசத்தைச் சந்தித்ததும் அணைகின்றன. ஆனால் இங்கே யாரும் பாதரசத்தைக் கண்ணால் காணவில்லை. காண்பது ஒளியின் குறைவை. நஞ்சைக் கருதி அறிகிறோம். மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள், அறியும் வழிகளான அளவைகளில் உண்மையானவை காட்சியும் கருத்தும் என இரண்டே என்கிறார். புகையைக் கண்டு நெருப்பைத் துணிவது கருத்தளவைக்குப் பழைய எடுத்துக்காட்டு. இங்கே ஒளி மங்குவது ஏது, பாதரசம் துணிபொருள்.

அப்படியானால் ஏது தவறினால் துணிவும் தவறுமே என்பது முதல் மறுப்பு. அது நியாயமான மறுப்பு. கடல்நீரில் இன்னும் வலுவானது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதிலுள்ள குளோரைடு பாதரசத்தைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு துகளிடம் போகவிடாமல் தடுக்கும். இரும்பும் செம்பும் தாமே ஒளியை அணைக்கும். மட்கிய உயிர்ப்பொருள்கள் தாமே ஒளிர்ந்து கணக்கைக் குழப்பும். துணிபொருள் இல்லாத இடத்திலும் தோன்றும் ஏதுவை மணிமேகலை ஏதுப்போலிகளுள் ஒன்றாக வைத்து அநைகாந்திகம் என்கிறது. நல்ல ஆய்வகங்கள் செய்வதும் அந்தச் சோதனையைத்தான். பாதரசம் இல்லாத கடல்நீரை எடுத்து அதில் ஒளி மங்குகிறதா என்று பார்க்கிறார்கள்; இரும்பையும் செம்பையும் தனித்தனியே கலந்து பார்க்கிறார்கள்; ஒரே நிறத்தை நம்பாமல் இரண்டு நிறங்களின் விகிதத்தை அளக்கிறார்கள்; ஐயம் எழுந்தால் நிறை நிறமாலைமானியில் உறுதிசெய்கிறார்கள். இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். திறந்த கடலில் ஒரு லிட்டரில் உள்ள பாதரசம் ஒரு நானோகிராமுக்கும் குறைவு. இந்தத் துகள்களில் பல, நூற்றுக்கணக்கான நானோகிராம் இருந்தால்தான் மங்கும். நீரில் மிகக் குறைவாக இருப்பதும் உணவுச் சங்கிலியில் ஏறி, பெரிய மீனின் உடலில் பல லட்சம் மடங்காகச் சேரும். ஆகவே ஒளி மங்கியது ஆழ்ந்து ஆராயப் போதுமான காரணம். மங்கவில்லை என்பது மீன் தூயது என்பதற்குச் சான்று அல்ல. இந்த எல்லையை மறைத்துக் கருவியைப் புகழ்வதும் அறியாமையைப் பரப்புவதே. கழிவு கொட்டும் வாய்களிலும் கழிமுகங்களிலும் முதல் சல்லடையாக இது பயன்படும். அந்த அளவில்தான் அதன் கடமையும் நமது கடமையும் தொடங்குகின்றன.

இரண்டாவது மறுப்பு இதைவிட ஆழமானது. அறிவு வந்தால் அறம் வந்துவிடுமா? மினமாட்டாவே இதற்கு எதிர்ச்சாட்சி. ஆலை மருத்துவமனையின் தலைவர் ஹொசோகாவா ஹஜிமே 1959இல் ஆலைக் கழிவுநீரை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்தார். 400ஆம் எண் கொண்ட அந்தப் பூனைக்கும் அதே வலிப்பு வந்தது. நிறுவனம் முடிவை வெளியிடவில்லை. கழிவு தொடர்ந்து கடலுக்குப் போனது. 1970இல், நோய்ப்படுக்கையில் இருந்தபடி அவர் சாட்சியம் அளித்தபோதுதான் நீதிமன்றம் அதைக் கேட்டது. அறிவு தன்னளவில் யாரையும் நல்லவராக்காது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அறிவு யாரிடம் இருந்தது என்று பாருங்கள். ஆலைக்குள் இருந்தது, கரையில் இல்லை. நச்சு மீனைத் தின்றுகொண்டிருந்த மீனவர் குடும்பங்களிடம் கடலை அளக்க எந்தக் கருவியும் இல்லை. அவர்களுடைய உடல்களே அளவுகோலாயின. தாயின் நஞ்சுக்கொடி வழியாகக் கருவிலிருந்த குழந்தைகளும் அளவுகோலாயினர். அறிவு பயனற்றது என்பது இதிலிருந்து வரும் முடிவு அல்ல. ஒரு பக்கம் மட்டும் குவிந்த அறிவு மறைக்கப்படக்கூடியது என்பதே முடிவு.

பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான விநயத்தின் ஒரு விதி இந்த இடத்தில் வழிகாட்டுகிறது. உயிர்கள் உள்ள நீர் என்று அறிந்தும் அதைப் பயன்படுத்தும் துறவிக்கே அந்த விதி குற்றம் சொல்கிறது, அறியாதவருக்குக் குற்றமில்லை. ஆனாலும் துறவி வைத்துக்கொள்ள வேண்டிய எட்டுப் பொருள்களில் ஒன்று நீர் வடிகட்டி; அது இல்லாமல் வழிநடைப் பயணம் போகக் கூடாது. அறியாமைக்கு மன்னிப்புத் தந்த மரபே, அந்த மன்னிப்பின் பின்னால் யாரும் ஒளிந்துகொள்ள முடியாதபடி கருவியையும் கையில் கொடுத்திருக்கிறது. விநயத்தின் பகுதியான சுல்லவக்கத்தில் இன்னொன்றும் உண்டு. மனத்தாங்கலால் உடன்வந்தவர் வடிகட்டி தர மறுத்ததால் ஒரு துறவி தாகத்தில் இறந்துபோகிறார். அதன் பிறகு, வழியில் கேட்பவருக்கு வடிகட்டியைக் கொடுத்தாக வேண்டும் என்று விதி வருகிறது. அறியும் கருவியை வைத்திருப்பது ஒரு கடமை, பகிர்வது இன்னொரு கடமை. கையடக்கமான புற ஊதா விளக்கும் சிறு குப்பியில் துகள் கரைசலும் மலிவாகக் கிடைக்கும் நாளில், அந்த இரண்டாவது கடமை ஆய்வகங்கள்மீதும் அரசுகள்மீதும் விழுகிறது.

எல்லாவற்றையும் அறிந்தாக வேண்டும் என்றால் மனிதனால் எதையுமே செய்ய முடியாதே என்றும் கேட்கலாம். உண்மைதான், எல்லையில்லாத கடமை கடமையே ஆகாது. ஆனால் இங்கே எல்லை தெளிவாக இருக்கிறது. யார் கொட்டுகிறாரோ, கொட்டுவதை யார் அனுமதிக்கிறாரோ, அவர்கள் அறியக் கடமைப்பட்டவர்கள். மீன் வாங்கிச் சமைக்கும் பெண்ணின்மீது அந்தச் சுமையை ஏற்றக் கூடாது. அவளுக்கு இருப்பது கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை. துகள்களே மாசு ஆகாதா என்ற ஐயத்துக்கும் இதே அளவுகோல்தான். ஒளிரும் குவாண்டம் புள்ளிகளில் சில கேட்மியத்தால் ஆனவை. நஞ்சைத் தேட இன்னொரு நஞ்சைக் கடலில் சேர்ப்பதை எந்த அறமும் ஏற்காது. கடல்நீரைக் குப்பிக்குள் எடுத்துச் சோதிக்க வேண்டும், துகளைக் கடலில் விடக் கூடாது. கார்பன் புள்ளிகளால் முடிகிற வேலைக்குக் கேட்மியத்தைத் தொடக் கூடாது. பிறருடைய கழிவை ஆராய்கிறவர் தம் கழிவையும் ஆராய்ந்தாக வேண்டும்.

மினமாட்டாவின் பெயரைத் தாங்கிய பாதரச உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. பாதரசத்தைக் குறைக்க நாடுகள் வாக்களித்தது நல்லது. ஆனால் வாக்கு காக்கப்படுகிறதா என்பதை வாக்களித்தவரே அளந்து, அவரே வைத்துக்கொண்டால், 1959இன் பூனைச் சோதனைக்கு நேர்ந்ததே மீண்டும் நேரும். கழிவு வாய்களில் எடுத்த அளவு மீன் இறங்குதளத்தில் எல்லாரும் படிக்கும்படி எழுதப்பட வேண்டும். மீனவர் தாமே ஒரு குப்பி நீரை எடுத்துச் சோதித்துப் பார்த்து, எழுதியிருப்பதை மறுத்துக் கேட்க முடிய வேண்டும். அறியும் வழி இல்லாத காலத்தில் தெரியாது என்பது ஒரு பதிலாக இருந்தது. அந்த வழி திறந்த பிறகும் அதையே சொல்பவர், தெரிந்துகொள்ள வேண்டாம் என்று முடிவெடுத்தவர். பௌத்தர் கேட்கும் எண்ணம் அந்த முடிவில் இருக்கிறது. சமணர் கேட்கும் செயலும் இருக்கிறது. இரு தரப்பின் கணக்கிலும் அவர் பொறுப்பாளியே.