ஈஸ்டர் நாளும் ஈமான் கொண்ட பிள்ளையும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், பட்டுத் தறிகளின் ஓசையோடு விடிகின்ற ஊர் நமது கண்ணமங்கலம். இந்த வேலூர், ஆரணி வட்டாரத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853ஆம் ஆண்டு முதலே வேர் ஊன்றியது. தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக வாழும் குடும்பங்கள் இங்கே உண்டு. அத்தகைய வீட்டில் பிறந்த ஒருவர், கலிமாச் சொல்லி இஸ்லாத்தில் இணைந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் ஈஸ்டர் ஞாயிறு வருமே, அன்று அவர் என்ன செய்வார்? ஆலயத்துக்குப் புறப்படும் தாயார், "இந்த ஒரு நாளாவது என்கூட வாடா கண்ணு" என்று அழைத்தால் என்ன பதில் சொல்வார்?

கொள்கையைப் பொறுத்தவரை பதில் தெளிவானது. ஈஸா நபி (அலை) அவர்கள் சிலுவையில் மரித்து மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார்கள் என்பதே கிறிஸ்தவத்தின் அடித்தளம். அவர்கள் கொல்லப்படவுமில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை, அல்லாஹ் அவர்களைத் தன்பால் உயர்த்திக்கொண்டான் என்று திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் அறிவிக்கிறது. இவ்விரண்டையும் ஒருசேர நம்ப முடியாது. தாயின் மனம் மகிழட்டும் என்று ஆலயத்தில் நின்று உதட்டை மட்டும் அசைப்பது தன் ஈமானுக்குச் செய்யும் துரோகம். மெய்யாக வணங்க வந்த தாயையும் ஏமாற்றுவதாகும். ஆகவே, "அம்மா, அது என்னால் முடியாது" என்பதை அவர் சொல்லத்தான் வேண்டும். அதைக் கனிவோடு சொல்ல வேண்டும்.

அத்துடன் ஈஸ்டர் அவருக்கு வெறும் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடுமா? ஆகாது. மரணம் முடிவல்ல என்ற பாடத்தைச் சிறுவயதில் அவருக்கு முதன்முதலில் புகட்டியது எது? அந்த நாளும் அந்தத் தாயும் அல்லவா? ஒருவர் உயிர்த்தெழுந்ததால் எல்லோருக்கும் மீட்பு என்ற கொள்கையை அவர் விட்டார். இறந்தோர் எழுப்பப்படுவர் என்ற நம்பிக்கையை விடவில்லை. பிறந்த நாளிலும், மரிக்கும் நாளிலும், உயிருடன் எழுப்பப்படும் நாளிலும் தம்மீது சாந்தி உண்டு என்று ஈஸா நபியவர்கள் தொட்டில் பருவத்திலேயே கூறியதை மர்யம் அத்தியாயம் சொல்கிறது. நாம் அனைவரும் எழுப்பப்படுவோம். ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார். புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் நுனியோடு ஒவ்வொன்றாக முறுக்கி இணைக்கும் நெசவாளருக்குத் தெரியும்: பழைய நுனிதான் புது இழைகளைத் தறிக்குள் இழுத்து வருகிறது. அந்த நன்றியை மறக்கலாமா?

இணைவைக்கும்படி பெற்றோர் வற்புறுத்தினால் கீழ்ப்படியாதே, ஆயினும் உலக வாழ்வில் அவர்களோடு நல்ல முறையில் நடந்துகொள் என்பது லுக்மான் அத்தியாயத்தின் கட்டளை. ஈமான் கொள்ளாத தம் தாயார் மதீனாவுக்கு வந்தபோது, அவருடன் உறவு பாராட்டலாமா என்று அஸ்மா (ரலி) அவர்கள் கேட்டார்கள். பாராட்டும்படியே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள்.

முஹம்மத் மர்மடியூக் பிக்தால் ஓர் ஆங்கிலேயப் பாதிரியாரின் மகன். 1917ஆம் ஆண்டு இஸ்லாத்தைப் பகிரங்கமாக ஏற்றார். 1930ஆம் ஆண்டு திருக்குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். இடையே 1927ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து இஸ்லாமியப் பண்பாடு பற்றித் தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவற்றுள் ஒன்றை முழுக்கச் சகிப்புத்தன்மைக்கே ஒதுக்கினார். தேவாலயத்தை விட்டு வந்த அவர், அதைத் தூற்றுவதைத் தமது ஈமானுக்குச் சான்றாக்கவில்லை.

நம் காலத்தில் இது வெறும் பண்பாட்டுப் பேச்சன்று. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், ஈஸ்டர் காலையில், இலங்கையில் கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் தமிழ்க் குழந்தைகள் பலர் உயிரிழந்தனர். செய்தவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இடிக்கப்படாமல் காக்கப்பட வேண்டியவை என்று அல்ஹஜ் அத்தியாயம் சொல்லியிருக்க, அவர்கள் யாருடைய மார்க்கத்தைப் பின்பற்றினார்கள்? அன்று முதல், மார்க்கத்தைத் தழுவிய பிள்ளையின் தாய்க்கு ஈஸ்டர் காலையில் ஓர் அச்சமும் சேர்ந்திருக்கும். "என் மகன் போன இடம் எப்படிப்பட்டது?" என்ற அச்சம் அது. அதைப் போக்குவது அவருடைய கடமை மட்டுமல்ல, நம்முடைய கடமையும்தான்.

நம்மில் சிலர், புதிதாக வந்த சகோதரரிடம், "இன்னும் அந்த வீட்டுக்குப் போகிறாயா?" என்று கேட்கிறோம். அவர் தம் பழைய வேதத்தை இகழ்ந்தால் மகிழ்கிறோம். பிறர் வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்ற இறைக் கட்டளை அவருக்கு மட்டும் விலக்கா? "உம்முடைய தாயார் சுகமா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியில் அவர் நம் மார்க்கத்தின் அழகைக் காண்பார்.

கொள்கையில் உறுதியையும் உறவில் கனிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.