பலனை எப்போது பார்ப்பது?

2024 ஜூலை 28 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில், பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் மனு பாக்கர் வெண்கலம் வென்றார். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். கடைசிக் கட்டத்தில் மனதில் என்ன ஓடியது என்று கேட்டபோது கீதையைச் சொன்னார். செயலில் கவனம் வை, முடிவைப் பற்றி நினைக்காதே என்ற உபதேசம். அதன்பிறகு எங்கள் பீளமேட்டு டீக்கடையில்கூட, "பலனைப் பாக்காதீங்க" என்று ஆளுக்கு ஆள் உபதேசம். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

நான் டூல்ரூம்காரன். பம்ப் கம்பெனிகளுக்கு ஜிக்கும் டையும் செய்தே காலம் போனது. தம்பி மகள் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். குறிபார்க்கும் சைட்டில் ஏதாவது சந்தேகம் என்றால் என்னிடம் வருவாள்.

இந்தப் போட்டியில் லென்ஸ் வைத்த சைட்டும் லேசரும் கிடையாது. குழல் நுனியில் ஒரு தகடு. பின்னால் சதுர வெட்டுள்ள இன்னொரு தகடு. வெட்டின் நடுவில் முன்தகடு நிற்க வேண்டும்; இரண்டு பக்கமும் சம வெளிச்சம், மேல்மட்டம் ஒன்று. ஆனால் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். துரோணர் கேட்டபோது, பறவையின் கண் மட்டுமே தெரிகிறது என்றான் அர்ச்சுனன். பிஸ்டல்காரர் அப்படிச் சொன்னால் ஃபெயில்.

"ரெண்டு சைட்டுக்கும் நடுவுல சுமார் 33 சென்டிமீட்டர், அம்மிணி. டார்கெட் அதைப்போல முப்பது மடங்கு தூரம். முன்தகடு கால் மில்லிமீட்டர் ஒதுங்குனா, அங்க ஏழரை மில்லிமீட்டர் போயிரும். வளையத்துக்கு வளையம் எட்டுத்தான்."

"கை ஆடுனா என்னாகும் பெரியப்பா?"

"துப்பாக்கி மொத்தமும் திரும்பாம கால் மில்லிமீட்டர் நகர்ந்தா, அங்கயும் கால்தான்."

அதனால் முன்சைட் கூர்மையாகவும் டார்கெட்டின் கருவட்டம் மங்கலாகவும் தெரிய வேண்டும். மெல்லிய தகடுதான் நுட்பம் என்று அவள் நினைத்திருந்தாள். தகடு மெலிந்து வெட்டும் நெருங்கினால் வெளிச்சம் போதாது. கண் திணறிப்போய்க் கருவட்டத்துக்கு ஓடிவிடும். அகலமான தகடு போட்டு, வெட்டையும் தாராளமாக வைத்தோம்.

பிறகு பின்சைட்டை நகர்த்தும் திருகு. ஐந்து பெல்லட் சுட்டாள். ஐந்தும் இடப்பக்கம் ஒதுங்கி, ஆனால் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் விழுந்திருந்தன. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின்சைட்டை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். வலப்பக்கம் சில கிளிக் திருகியதும் குரூப் நடுவுக்கு வந்துவிட்டது.

இன்னொரு நாள் அட்டை முழுக்கச் சிதறல். அவள் கை நேராகத் திருப்புளிக்குப் போனது. "அதைக் கீழ வை" என்றேன். ஒரே பக்கம் விலகும் பிழையைத் திருகு சரிசெய்யும். சிதறும் பிழை விரலிலும் மூச்சிலும் பொறுமையிலும் இருக்கிறது; அதற்குத் திருகு கிடையாது.

எது எந்தப் பிழை என்று சொல்வது யார்? அட்டையில் விழுந்த ஓட்டைகள்தான். அவைதானே பலன்? பலனைப் பார்க்கவே மாட்டேன் என்பவருக்கு இந்த வித்தியாசம் கடைசிவரை தெரியாது. லேத் ஓடும்போது யாரும் மைக்ரோமீட்டர் வைப்பதில்லை. நிறுத்தி, அளந்து, டூலைத் திருத்தி, மறுபடி ஓட்டுவோம். அளக்காமலே ஓட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பற்றின்மை என்று பெயர் வைக்க முடியாது. அலட்சியம் என்றுதான் மேஸ்திரி திட்டுவார்.

பலனுக்கு உரிமை கொண்டாடாதே, பலனுக்காகவே செய்கிறவனாக ஆகாதே, அதற்காகச் சும்மாவும் இராதே என்கிறது கீதை. பலனிடம் பாடம் கேட்கக் கூடாது என்று அது எங்கும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. விசையை அழுத்தும்போது பலன் மங்கலாக இருக்கட்டும். அழுத்தி முடித்தபின் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

இதில் இரண்டாவதுதான் கஷ்டம். சிதறிய அட்டையில் ஒரு ஓட்டை மட்டும் பத்தில் விழுந்திருந்தது. "பாருங்க பெரியப்பா, பத்து!" என்று முதலில் அதைத்தான் காட்டினாள். மற்ற நான்குக்கும் சைட்டின்மேல் பழி. நல்லது விழுந்தால் நான், கெட்டது விழுந்தால் கருவி! பற்று நுழைவது இந்த இடத்தில்தான். சுடும்போது பலனை மறக்கப் பயிற்சி இருந்தால் போதும். சுட்டு முடித்த அட்டையைத் தனக்கு வேண்டியபடி படிக்காமல், அந்தப் பத்தையும் சிதறலில் ஒன்றாகவே எண்ணுவதற்குத்தான் கீதை வேண்டியிருக்கிறது.