இறங்கி வருவதும் விசுவாசமா?



வாலிபர் கூட்டம் முடிந்ததும் ஒரு தம்பி கேட்டான்: “பாஸ்டர், மலைமேல ஜெபிக்கப் போறோம். பாதி வழியில இடி மின்னல். திரும்பி வந்துட்டா அது அவிசுவாசம்தானே?” என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணத்தைப் பிறகு சொல்லுகிறேன்.

அமெரிக்காவில் கொலராடோ, யூட்டா, அரிசோனா, நியூ மெக்ஸிகோ பக்கம் ‘மேசா’ என்கிற மலைகள் உண்டு. உச்சி கூராக இராது, தட்டையாக இருக்கும். மேலே கடினமான பாறை, கீழே மிருதுவான பாறை. மழையும் காற்றும் கீழே அரிக்க அரிக்க, மூடி போட்டதுபோல மேற்பாறை நிற்கிறது. ஸ்பானிய மொழியில் மேசா என்றால் மேசை. நம்ம வீட்டு மேசையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்த அதே வார்த்தைதான்!

அந்தத் தட்டையான உச்சியில் எது மிக உயரமான இடம் என்று தேடி, அதில் கால் வைத்துவிட்டு வருவது சிலருக்குப் பிரியம். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் காலை வானம் தெளிவாயிருக்கும். மத்தியானத்துக்குமேல் இடிமேகம் திரண்டுவிடும். மரமில்லாத உச்சியில் ஒதுங்க இடமில்லை. நிற்கிற மனுஷனே அங்கே உயரமானவன். மின்னலுக்கு அவன்தான் குறி. மேகம் இறங்கி மூடினால் விளிம்பு எங்கே என்றே தெரியாது. எங்கோ பெய்த மழை, காய்ந்த ஓடையில் திடீரென வெள்ளமாய் வரும்.

ஆகவே அனுபவசாலிகள் விடியுமுன் புறப்பட்டு மத்தியானத்துக்குள் இறங்கிவிடுவார்கள். இடிச்சத்தம் கேட்டாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று எண்ணி, உச்சி நூறடியில் இருந்தாலும் திரும்புவார்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகுமட்டும் மறைவைவிட்டு வரமாட்டார்கள். இவர்கள் கோழைகளா?

இப்போது என் காரியம். சில வருஷங்களுக்கு முன், ஒரு உபவாச நாளில் வாலிபரைக் குன்றுக்கு அழைத்துப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. ஒரு தாயார், “ஐயா, இன்னைக்கு வேண்டாமே” என்றார்கள். “பயம் சத்துருவினுடையது அம்மா” என்று சொல்லி ஏறினேன். இறங்கும்போது அவர்கள் மகனே வழுக்கி விழுந்தான், கால் முறிந்தது. கர்த்தர் உயிரைக் காத்தார். அந்த அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்றும் குத்துகிறது. அன்று என்னை ஏற்றிவிட்டது விசுவாசம் அல்ல. திரும்பினால் பையன்கள் என்ன நினைப்பார்களோ என்ற வெட்கம். அந்த வெட்கமும் ஒரு பயம்தானே!

வேதத்தைப் பாருங்கள். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி சாத்தான் வசனத்தைக் காட்டியே தூண்டினான். ஆண்டவர் மறுத்தார் (மத்தேயு 4). அதே ஆண்டவர் சிலுவைக்குப் போகும் வழியில் திரும்பவில்லை. அது பிதாவின் சித்தம். பேதுருவும் அழைப்பைக் கேட்ட பிறகுதான் படகைவிட்டு இறங்கினான். பவுல் கடற்பயணம் ஆபத்து என்று எச்சரித்தான். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியை நம்பினான். 276 பேரும் பிழைத்தார்கள், கப்பல் போயிற்று (அப்போஸ்தலர் 27). “போக வேண்டாம்” என்றவனே அங்கே விசுவாசி!

“அப்படியானால் ஆபத்தில் போகவே கூடாதா?” என்பீர்கள். மழையில் ஒரு ஆத்துமா தவித்தால் போ, தம்பி. ஆனால் ஏறுமுன் உன்னையே கேள்: என்னை அனுப்பினது யார்? நான் விழுந்தால் என்னைத் தூக்க வருகிறவன் உயிருக்கு யார் பொறுப்பு? கர்த்தர் சொன்னதற்காகப் போவது விசுவாசம். நாம் போய்விட்டு அவர் காக்கவேண்டும் என்பது பரீட்சை பார்ப்பது.

இறங்கி வந்து வீட்டிலே முழங்கால்படியிடு. மலைமேல்தான் மேசை போடுவார் என்றில்லை. பள்ளத்தாக்கில் நடக்கிறவனுக்கும் பந்தி வைக்கிறவர் நம் தேவன்.

கர்த்தர்தாமே நமக்குப் பகுத்தறியும் கிருபை தருவாராக. ஆமென்.