முள்ளும் தேய்ந்த டயரும்

மிதிவண்டிச் சக்கரத்தில் முள் தைத்தால் அது யாருடைய குற்றம்? கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். முள்ளுக்கு அறிவில்லை; பாதைக்கு மனமில்லை; ஏறிச் சென்றவரோ முள்ளைத் தேடிப் போகவில்லை. ஆகவே குற்றம் யாருக்கும் இல்லை என்றே நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம்.

குருப்பட்டம் பெற்ற புதிதில் இராமநாதபுரம் மாவட்டத்தின் வறண்ட பகுதியொன்றில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். கிளைக் கிராமங்களுக்குச் சென்றுவர ஒரு பழைய மிதிவண்டி வாய்த்தது. வழியெங்கும் சீமைக் கருவேலம். விறகு வெட்டி இழுத்துச் செல்லும் பாதைகளில் முட்கள் உதிர்ந்து கிடக்கும். பஞ்சர் என்பது அங்கே வாரச் சந்தையைப் போல் தவறாமல் வருவது.

ஒரு நாள் மாலை, ஏழு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கிராமத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். மூதாட்டி ஒருவர் இறுதி நிலையில் இருப்பதாகவும், நோயில்பூசுதல் பெற விரும்புவதாகவும் சொல்லிவிட்டு, மருந்து வாங்க நகருக்கு விரைந்தார். நாம் உடனே புறப்பட்டோம். பாதி வழியில் பின்சக்கரம் காற்றிழந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்து, வீட்டை அடைந்தபோது அந்த அம்மா கண்மூடி அரைமணி நேரம் ஆகியிருந்தது. யாரும் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “முள்ளு குத்துனதுக்குச் சாமி என்ன செய்வீங்க?” என்று அவர் மகனே நமக்கு ஆறுதல் சொன்னார்.

அந்த ஆறுதலை நம்மால் ஏற்க முடியவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருந்தது. மூன்று வாரங்களுக்கு முன் பஞ்சர் ஒட்டிய கடைக்காரர், டயர் தேய்ந்து உள்ளிருக்கும் நூல் தெரிவதைத் தொட்டுக் காட்டி, “இனிமே ஒட்டிப் பிரயோசனம் இல்ல சாமி, டயரை மாத்திருங்க” என்று சொல்லியிருந்தார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றோம். கையில் பணம் இல்லாமல் இல்லை. அக்கறைதான் இல்லை.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது, ‘காரணத்தில் விரும்பப்பட்டது’ என்றொரு கருத்தைப் படித்திருந்தோம். விளைவை நாம் விரும்பாதிருக்கலாம். ஆனால் அவ்விளைவுக்கு இட்டுச் செல்லும் காரணத்தை அறிந்தும் விட்டுவைத்தால், விளைவிலும் நமக்குப் பங்குண்டு. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினார் தமது ‘இறையியல் தொகுப்பு’ நூலில் இதற்கு ஒரு மாலுமியை எடுத்துக்காட்டாக்குகிறார். கப்பலைச் செலுத்த வேண்டியவன், செலுத்த முடிந்தும் வாளாவிருந்தால், கப்பல் மூழ்கியது அவனாலேயே என்கிறோம். புயலை எழுப்பியவன் அவனல்லன். ஆயினும் சுக்கானைக் கைவிட்டவன் அவனே.

இங்கே இரு நிபந்தனைகளை மறக்கலாகாது: செய்ய இயலவேண்டும், செய்யக் கடமைப்பட்டிருக்கவும் வேண்டும். புதிய டயரிலும் முள் ஏறும். அது விபத்து, அதற்காகத் தன்னைத் தானே வதைத்துக்கொள்பவர் இறைவனின் நீதியையும் அறியார், இரக்கத்தையும் அறியார். டயர் வாங்க வழியில்லாத ஏழைத் தொழிலாளியை யாரும் பழிக்க முடியாது. முள் நம் பொறுப்பன்று. தேய்ந்தது என்று அறிந்த டயரோ நம் பொறுப்பு.

திருப்பலியின் தொடக்கத்தில் நாம் சொல்லும் பாவ அறிக்கையில் சிந்தனை, சொல், செயல் என்னும் மூன்றோடு, கடமையில் தவறியதும் நான்காவதாக இடம்பெறுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1970இல் வெளிவந்த திருப்பலி நூலில் திருஅவை சேர்த்த சொல் அது. பத்துத் தோழியர் உவமையில் வாயிலுக்கு வெளியே நின்ற ஐவரும் திருடவில்லை, பொய் சொல்லவில்லை. எண்ணெய் எடுத்துச் செல்லவில்லை, அவ்வளவே. அவர்களும் புறப்பட்டார்கள், விளக்கும் ஏந்தினார்கள், காலம் தாழ்ந்து வந்து சேர்ந்தார்கள்.

சக்கரம் காற்றிழப்பது முள்ளால் மட்டுமன்று என்பதை மிதிவண்டியோடு பழகியவர் அறிவர். காற்றுக் குறைந்த சக்கரம் கல்லின்மேல் ஏறும்போது, டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்கி, பாம்பின் பல் பட்டாற்போல் இரு துளைகள் விழும். செபத்தில் தளர்ந்த மனமும் அத்தகையதே. பிறர் எளிதில் கடந்துபோகும் சிறு கல்லே அதற்குப் போதும். இன்னொன்றும் உண்டு. சக்கரத்தின் கம்பி முனை ரிம்முக்கு மேல் நீண்டு, உட்புறமிருந்தே டியூப்பைக் குத்துவதுண்டு. பாதையை எவ்வளவு பெருக்கினாலும் அதற்கு மருந்தில்லை. மனிதனைத் தீட்டுப்படுத்துவது உள்ளிருந்து வருவதே என்று ஆண்டவர் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை சக்கரத்தை விரலால் அழுத்திப் பார்ப்பதும், தைத்திருக்கும் முள்ளைப் பிடுங்குவதும், கம்பி முனையை அராவி விடுவதும் பெரிய வேலைகள் அல்ல. விவேகம் என்னும் தலையாய நற்பண்பு பெரும்பாலும் இத்தகைய சிறு வேலைகளிலேதான் குடியிருக்கிறது.

பஞ்சர் ஒட்டும் முறையிலும் ஒரு பாடம் உண்டு. கடைக்காரர் டியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்துவார். குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொள்வார். துடைத்து, தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை காத்திருந்து ஒட்டுவார். நல்ல கடைக்காரர் அதோடு நிறுத்துவதில்லை. டயரின் உட்புறம் முழுவதும் விரலை மெல்ல ஓட்டிப் பார்ப்பார். டியூப்பைக் குத்திய முள் டயரிலேயே ஒளிந்திருக்கும். அதை எடுக்காமல் மாட்டினால், வீடு சேருமுன் அதே இடத்தில் மீண்டும் துளை விழும். நம்முடைய பாவசங்கீர்த்தனங்கள் பலவும் இப்படித்தான் ஆகின்றன. துளையை ஒட்டிக்கொண்டு திரும்புகிறோம், முள்ளைத் தேடுவதில்லை. மன்னிப்பில் குறையில்லை, ஆன்ம சோதனையிலும் பிரதிக்கினையிலுமே குறை.

1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் மிதிவண்டிக்கு ஏற்ற காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். ஓட்டம் மென்மையாயிற்று, ஆனால் அந்த டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்ததால் பழுது பார்ப்பது பல மணி நேரப் பாடாயிருந்தது. 1891இல் பிரான்சு நாட்டு மிஷலின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயரை உருவாக்கிய பின்னரே அத்துன்பம் தீர்ந்தது. துளையே விழாத டயரை அவர்கள் செய்யவில்லை. திறந்து பார்க்கக்கூடிய டயரைச் செய்தார்கள். நமக்கும் வேண்டுவது அதுதான்: பழுதே இல்லாத மனமன்று, திறந்து காட்டும் மனம்.

அந்த மூதாட்டியைக் குறித்து நமக்கு அச்சமில்லை. இறைவனின் இரக்கம் அருட்சாதனங்களுக்கு உட்பட்டு நிற்பதன்று. ஒரு குருவின் சோம்பல் அவருடைய கைகளைக் கட்டிவிடாது. ஆனால் அந்த நம்பிக்கை அவருக்கு உரியது; நமக்குச் சாக்கு அன்று.

முப்பதாம் நாள் திருப்பலிக்குச் சென்றபோது, டயரைப் பற்றிய உண்மையை அவர் மகனிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். முகம் வாடிற்று. பின்னர் நம் வண்டி நின்ற பக்கமாகப் பார்த்து, “இப்பப் புது டயர் போட்டாச்சா சாமி?” என்று கேட்டார்.

போட்டிருந்தோம். அவர் தலையசைத்துவிட்டு, நம்மை உள்ளே வந்து சாப்பிட அழைத்தார்.