அசையாத முள்

அறியாமல் செய்த பிழைக்கு மன்னிப்பு உண்டு என்பது உலக வழக்கு. ஆனால், அறியக்கூடியதை அறியாமலே இருந்துவிடுவதும் அந்த மன்னிப்புக்கு உரியதுதானா? இவ்வினாவை என்னுள் எழுப்பியது அறநூல் எதுவும் அன்று. என் பழைய காரின் வெப்பங்காட்டியே.

அதன் முள் சில மாதங்களாகவே அசையவில்லை. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது முள் அடியில் கிடப்பதும், வண்டி சிறிது தொலைவு ஓடியதும் நடுப்பகுதிக்கு ஏறி நிற்பதும் முறை. என் காரிலோ, பாயான் லெப்பாசிலிருந்து பாலம் கடந்து பிறைக்குச் சென்று திரும்பினாலும் முள் அடியிலேயே கிடந்தது. நான் அதைக் கண்டேன். கண்டு மகிழவும் செய்தேன். "நம் வண்டிக்குச் சூடே ஏறுவதில்லை" என்று துணைவியாரிடம் பெருமையும் பேசினேன். இது இயல்பன்று என்று உள்மனம் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஒருநாள், தெலுக் கும்பாரைத் தாண்டிப் பாலிக் புலாவுக்குச் செல்லும் மலைப்பாதையில், காரின் முன்மூடியிலிருந்து ஆவி கிளம்பியது. ரப்பர்க் குழாய் ஒன்று வெடித்து, ரேடியேட்டர் நீரெல்லாம் வடிந்துபோயிருந்தது. அப்பொழுதும் முள் குளிர்ச்சியையே காட்டிக்கொண்டிருந்தது!

வண்டியைப் பழுதுபார்த்தவர் என் பழைய மாணவர். இயந்திரத்தில் திருகப்பட்டிருந்த சென்சரின் கம்பியைக் கழற்றி, சாவியைத் திருப்பச் சொல்லி, கம்பியின் முனையை இயந்திரத்தின் இரும்பில் ஒரு கணம் தொட்டார். அதுவரை உறங்கிய முள் விர்ரென்று உச்சிக்கு ஏறியது.

"பார்த்தீர்களா சார்? மீட்டரும் நல்லது, கம்பியும் நல்லது. சென்சர்தான் செத்துவிட்டது. கீழேயிருந்து செய்தி வராவிட்டால் முள் பாவம், என்ன செய்யும்?" என்றார்.

சூடு ஏற ஏற, சென்சரின் மின்தடை குறைகிறது, மின்னோட்டம் கூடுகிறது, முள் உயர்கிறது. சென்சர் செயலிழந்து மின்னோட்டம் நின்றுவிட்டால் முள் அடியில் விழுகிறது. அதாவது, 'சூடு இல்லை' என்பதற்கும் 'செய்தி இல்லை' என்பதற்கும் அக்கருவியில் ஒரே முகம். மௌனமும் அமைதியும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. தீங்கு தொடங்கும் இடம் இதுவே.

அவர் மேலும் சொன்னார்: "உங்கள் வகுப்பில் நானும் இப்படித்தான் இருந்தேன், சார். கணக்கு ஒன்றுமே புரியாது. கேட்டால் ஏச்சு விழும்; பேசாமல் இருந்தால் நல்ல பையன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க இயலவில்லை. 'அமைதியானவன், குறையில்லை' என்று அவரைப் பற்றி நான் எண்ணியிருந்தது நினைவுக்கு வந்தது.

1979 மார்ச் 28-இல், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் த்ரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ, அது மூடிவிட்டது என்று எண்ணும்படி காட்டியது. உண்மையில் அவ்விளக்கு உணர்த்தியது, மூடுவதற்கான ஆணை சென்றதை மட்டுமே. வால்வு மூடியதை அன்று. குளிர்நீர் வெளியேறிக்கொண்டிருக்க, பணியாளர்கள் நிலைமையைத் தவறாக உணர்ந்து நெருக்கடிக்கால நீரையும் குறைத்தனர். அணு உலையின் உட்பகுதியில் ஒரு பகுதி உருகிற்று.

'பாடம் நடத்தப்பட்டது' என்று நாம் குறிப்பேட்டில் எழுதுகிறோமே, அதுவும் அத்தகைய விளக்கன்றோ? ஆணை சென்றதை அது காட்டும். மாணவன் உள்ளத்தில் பாடம் சேர்ந்ததைக் காட்டாது. 1988-இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. இன்று வகுப்பறை மதிப்பீட்டில் ஆறு அடைவுநிலைகளுள் ஒன்றை ஆசிரியரே குறிக்கிறார். ஆசிரியரின் மனச்சான்றே இப்பொழுது முள். வம்பு வேண்டாமென்று எல்லாருக்கும் நடுநிலையையே எழுதினால், அந்த முள்ளும் அசையாத முள்ளே.

"கருவியை நம்பாமல் வாழ முடியுமா? ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க ஓட்டுநர் என்ன பொறியாளரா?" என்று கேட்கலாம். முறையான கேள்வியே. நம்பிக்கையின்றி உலகம் நடவாது. ஆயினும், என் பிழை நம்பியதில் இல்லை. ஒருபோதும் அசையாத முள்ளைக் கண்டும், அது எனக்கு இனிய செய்தியைத் தந்ததால் ஐயுறாது விட்டேனே, அதில்தான் இருக்கிறது. கசக்கும் செய்தியை மட்டுமே நாம் சோதிக்கிறோம், இனிப்பதைச் சோதிப்பதில்லை. அறியாமை வேறு, அறிய விரும்பாமை வேறு. முன்னதற்கு மன்னிப்பு உண்டு. பின்னதற்குப் பொறுப்பு உண்டு.

இடித்துரைப்பார் இல்லாத மன்னன், பகைவர் இல்லாவிடினும் கெடுவான் என்ற கருத்தை வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் வைத்தார். அவ்வாறு உரைப்பாரை ஏசி ஏசி ஊமையாக்கிவிட்டு, பின் யாரும் சொல்லவில்லையே என்று வருந்துவது பேதைமை. கம்பியை அறுத்தவர் நாமே அல்லமோ?

புதிய சென்சர் பொருத்தியாயிற்று. வண்டி ஓடத் தொடங்கியதும் முள் மெல்ல ஏறி நடுவில் நிற்கிறது. அது அசைவதைக் காணும்போதெல்லாம் எனக்கு ஆறுதல் பிறக்கிறது. ஆசிரியத் தோழர்களே, நாளை உங்கள் வகுப்பில் ஒரு மாணவன் தயங்கித் தயங்கிக் கை உயர்த்தி, "எனக்குப் புரியவில்லை" என்று சொன்னால் சினவாதீர்கள். முள் அசைகிறது, மகிழுங்கள்.